சமைக்கிற நாளில் போடாத குளிசை

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா எப்படிப் போனார் என்று நீங்கள் இருவரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மகள் கேட்கும்போது அழுகிறாள். மகன் கேட்கும்போது கோபப்படுகிறான். நானும் "பிரஷர்தான்" என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு, அங்கே குளிரா, சாப்பிட்டீர்களா என்று கதையை மாற்றிவிடுகிறேன். ஒரு சொல்லில் அது விளங்காது. எட்டாம் வகுப்போடு கொழும்புக்கு வந்து கடையில் நின்றவன் நான். எனக்கு எழுத்து வசப்படாது. ஆனாலும் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கடை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்மேசையில் இருந்து நீங்கள் சாப்பிட்ட கடைதான். பேலியகொடைக்குப் போய் மீன் எடுப்பது, மரக்கறி வாங்குவது, காசு மேசையில் இருப்பது எல்லாம் என் வேலை. அடுப்பு அண்ணனுடையது. நாங்கள் இரண்டு குடும்பமும் வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் இருந்தோம். விடிய முதல் பஸ்ஸில் அவர் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவார். நான் மீனோடு போய்ச் சேரும்போது தேங்காய் திருவி முடிந்திருக்கும்.

அவர் உப்புப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அகப்பையால் ஒரு சொட்டுக் குழம்பை இடது உள்ளங்கையில் விடுவார். ஊதுவார். நுனிநாக்கால் தொடுவார். கண்ணை மூடமாட்டார், தலையாட்டமாட்டார். பிறகு உப்புச் சாடிக்குள் கை போகும், அல்லது போகாது. மீன் குழம்பு, பருப்பு, சொதி, இரண்டு மரக்கறி என்று மத்தியானத்துக்குள் எத்தனை தடவை அந்த உள்ளங்கை வாய்க்குப் போகும் என்று யாரும் எண்ணியதில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டது அவருடைய நாக்கைத்தான். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவரும் வங்கியில் வேலை செய்கிறவரும் ஒரே பார்சலை வாங்கிப் போனதற்கு வேறு காரணம் இல்லை.

அவருக்குப் பிரஷர் இருப்பது எங்களுக்குத் தெரிய வந்ததே ஒரு தற்செயல். சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்காகப் போன இடத்தில் டொக்டர் அண்ணனின் கையில் பட்டியைச் சுற்றி அளந்தார். கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி மறுபடி அளந்தார். பிறகு மற்றக் கையைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஏதோ கை ரேகை பார்க்கிற மாதிரி.

வெளியே வந்ததும் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "எனக்கு எப்பிடியடா பிரஷர்? நான் ஆரோடையாவது கத்தினனானே? உனக்கெண்டாலும் ஒரு நியாயம் இருக்கு."

அப்போது எங்களுடைய விளக்கம் அவ்வளவுதான். கோபக்காரருக்கு வருவது பிரஷர். பிடரி நோகவேண்டும், தலை சுற்றவேண்டும், மூக்கால் இரத்தம் வரவேண்டும். அண்ணனுக்கு இவை ஒன்றும் இல்லை. கடையில் யார் பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் அவர் குரலை உயர்த்தமாட்டார். அப்படிப்பட்ட மனிசனுக்கு எங்கிருந்து வரும் என்று நானும் யோசித்தேன்.

இப்போது எனக்கு விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். இரத்தம் குழாய்க்குள் ஓடும்போது குழாயின் சுவரைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளு கூடினால் பிரஷர். இரண்டு எண் சொல்லுவார்கள். மேலே உள்ளது இதயம் அமத்தும்போது, கீழே உள்ளது இதயம் இளகும்போது. கூடின தள்ளு வருடக்கணக்காக மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். ஆனால் நோகாது. நோகாமல் இருப்பதுதான் அதன் கெட்ட குணம். பல் வலித்தால் நாங்களே ஓடுவோம். இது வலிக்காது, அளந்தால்தான் தெரியும். சாந்தமானவருக்கும் வரும், மெலிந்தவருக்கும் வரும், எங்களுடைய குடும்பம் மாதிரிச் சில குடும்பங்களில் கூடவே வரும். உங்கள் அப்பப்பா வயலில் நின்றபடி விழுந்து போனதற்குப் பேய் அடித்தது என்று சொன்னார்கள். அதுவும் இதுவாகத்தான் இருக்கும்.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் கிளினிக்கில் அவரைப் பதிந்தார்கள். தினம் காலையில் போடக் குளிசை கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்ஸர், வெள்ளவத்தை காலி வீதியில் நாங்கள் வாங்கித் தின்னும் ரோல்ஸ், எல்லாவற்றிலும் உப்பு ஒளித்திருக்கிறது என்று சொன்னார்கள். அண்ணி அன்றே வீட்டுக் கறியில் உப்பைக் குறைத்துவிட்டா. நேரம் தவறாமல் காலையில் குளிசையை எடுத்து அவருடைய கையில் வைப்பா. அவர் "கடையிலை தேத்தண்ணியோடை போடுறன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

முதல் ஒன்றிரண்டு மாதம் அவர் அப்படியே போட்டார். நான் கண்டேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தலையை அண்ணாந்து விழுங்குவார்.

பிறகுதான் கறி கெட்டது.

முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. பார்சல்கள் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. ஒரு நாள் உப்பே இல்லை, அடுத்த நாள் வாயில் வைக்க முடியாத உப்பு. துறைமுகத்து ஆள் ஒருவர் காசு கொடுக்கும்போது மெதுவாக, "லுணு மதி, அய்யே" என்று உப்புக் குறைவைச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துத் தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அப்படி மெதுவாகச் சொல்கிற ஆள் அல்ல. அவர் சாப்பிட்ட கையோடு குசினி வாசலில் போய் நின்றார்.

"என்ன அண்ணே, டொக்டர் ஒங்களுக்கு உப்பு வேணாண்டு சொன்னா நீங்க கொட்டாஞ்சேனைக்கே பத்தியம் புடிக்க வெக்கிறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்று பின்னேரம் அவர் பானை கழுவும் இடத்தில் நெடுநேரம் குந்தியிருந்தார். என்ன என்று கேட்டேன். களைப்பு என்றார்.

சில கிழமைகளில் எல்லாம் சரியாகிவிட்டது. குழம்பு பழையபடி வந்தது. பார்சல் திரும்பி வருவது நின்றது. நானாவும் பழையபடி இரண்டாம் முறை சோறு கேட்டார். கிளினிக்கிலும் நல்ல சேதிதான். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, இப்படியே தொடருங்கள் என்று சொன்னார்களாம். அண்ணி வெள்ளவத்தை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தா. எல்லாம் அடங்கிவிட்டது என்று நாங்கள் நம்பினோம். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே நம்பினோம்.

அன்று வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சமையல். காலை கடைசிக்கட்ட வேலை நடக்கிற நேரம். நான் காசு மேசையில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். என் இடத்திலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். அவர் உள்ளங்கையில் சொதியை விட்டார். ஊதினார். கை வாய்க்குப் போகவில்லை. பாதியில் நின்றது. சொதி மணிக்கட்டு வழியே முழங்கைக்கு வடிந்தது. சுடச்சுட வடிகிறது, அவர் கையை உதறவும் இல்லை. வேறு யாருடையதோ கையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஓடினேன். "அண்ணை, என்னண்ணை?" அவர் வாயைத் திறந்தார். வாயின் ஒரு பக்கம் வரவில்லை. இடது காலும் மடங்கியது. சத்தம் கேட்டு ஓடி வந்த நானாவும் நானும் அவரைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றினோம். வழி நெடுக அவருடைய கையை நான் பிடித்திருந்தேன். சொதி மணந்தது. அந்தக் கை என்னைப் பிடிக்கவில்லை.

உயிர் தப்பியது. இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு, வாய்க்குள் பஞ்சு வைத்த மாதிரி வந்தது. மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டது என்றார்கள். பிரஷர் கூடியிருந்ததால் வந்தது என்றார்கள். எங்களுக்கு விளங்கவில்லை. கட்டுக்குள் இருந்த பிரஷர் எப்படிக் கூடும்? வார்ட்டில் இருந்த டொக்டர் ஒரு தமிழ்ப் பிள்ளை, உங்கள் வயதுதான் இருக்கும். கட்டில் ஓரத்தில் நின்று, குளிசை எல்லாம் ஒழுங்காகப் போட்டவரோ என்று கேட்டா. ஒருநாளும் தவறவில்லை, என் கையால்தான் கொடுத்தேன் என்று அண்ணி சொன்னா. அப்போது அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"சமைக்கிற நாளிலை போடுறேல்லை" என்றார்.

முதலில் எங்களுக்குச் சொல் பிடிபடவில்லை. அவர் மறுபடி சொன்னார். கடை பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டிருக்கிறார். கிளினிக் நாள் கிட்ட வந்தால், அதற்கு முந்திய கிழமை முழுக்க ஒழுங்காகப் போட்டிருக்கிறார், சோதினைக்கு முதல் நாள் பிள்ளைகள் படிப்பது போல. அங்கே அளக்கும்போது எண் நன்றாக வரும். டொக்டரும் சந்தோசப்படுவார். மருந்து சரியாகக் குடிக்கிறீர்களா என்று சிங்களத்தில் ஒரே கேள்வி, அவரிடமிருந்து "ஓவ்" என்று ஒரே பதில், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

ஏன் அப்படிச் செய்தார் என்று அண்ணி கேட்கவில்லை. டொக்டர்தான் கேட்டா.

நாக்கு, என்றார் அவர். குளிசை போட்டால் வாய்க்குள் செம்புக் காசை வைத்த மாதிரி. எதைத் தொட்டாலும் அதே ருசி. உப்பு எங்கே நிற்கிறது என்று நாக்குக்குத் தெரியவில்லை. விட்டுப் பார்த்தாராம், கொஞ்ச நாளில் நாக்கு திரும்பி வந்ததாம்.

அந்தப் பிள்ளை கட்டிலில் இருந்துவிட்டா. டொக்டர்மார் நின்றபடி பேசிவிட்டுப் போவார்கள், கட்டிலில் இருப்பதில்லை.

"ஐயா, இதை ஏன் அங்க சொல்லேல்லை? எல்லாருக்கும் இப்பிடி வாறேல்லை, சிலபேருக்கு வரும். ஒரு குளிசை ஒத்துவராட்டி வேற எத்தினை இருக்கு. அண்டைக்கே மாத்தித் தந்திருப்பினமே."

அண்ணன் யோசித்தார். பிறகு தெளிவாகச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "மருந்து குடிக்கிறீங்களோ எண்டுதான் கேட்டவை, பிள்ளை. நாக்கு எப்பிடி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே."

அதில் குறை சொல்லும் தொனி இல்லை. உள்ளதைச் சொன்னார். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள், பிள்ளைகளே. டொக்டருக்கு முன்னால் கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் சொன்னால் மரியாதைக் குறைவு. பின்னால் வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள். அதற்குள் நாக்கு ருசிக்கவில்லை என்று ஒருவர் சொல்வாரா? சொன்னால், உயிர் பெரிதா ருசி பெரிதா என்று சிரிப்பார்கள் என்று அவர் நினைத்திருப்பார். அவருக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இருந்திருக்கவும் கூடும். நாக்குப் போனால் கடை போய்விடும். கடை போனால் அவர் யார்?

குளிசையை மாற்றினார்கள். இப்போது அண்ணியே வாய்க்குள் வைத்துத் தண்ணீர் பருக்குவா. புதுக் குளிசைக்கு நாக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதன்முதலில் எங்களுக்குச் சொன்ன நாள், அவர் பாதி வாயால் சிரித்தார். "நாக்கு வந்திட்டுதடா. இனிக் கைதான் இல்லை."

நான் திரும்பி ஜன்னலால் ரோட்டைப் பார்த்தேன்.

கடைக்கு மட்டக்குளியிலிருந்து ஒரு அக்காவைச் சமைக்க எடுத்தோம். நல்ல கை, வேகமான கை. கிழமையில் சில நாள் அண்ணனை முச்சக்கரவண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் குசினி வாசலில் கதிரையில் இருத்துவேன். அந்த அக்கா கரண்டியோடு வந்து, "அண்ணே, உப்புப் பாத்துச் சொல்லுங்க" என்பா. அவவுக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். அவர் நாக்கில் தொட்டு, விழுங்காமல் துப்பிவிட்டு, வாய் கொப்பளிப்பார். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதன் பயம் அவருக்கு இப்போதுதான் வந்திருந்தது. பிறகு உப்புப் போதும் என்றால் "காணும்" என்பார். அல்லது "இன்னும் ஒரு சொட்டு" என்பார். அவ போடுவா.

நாங்கள் எல்லாரும் இனிப் பயமில்லை என்று நினைக்கத் தொடங்கியபோது, ஒரு விடியல் அவர் எழும்பவில்லை. இரண்டாவது தடவை வந்ததாம். வருடக்கணக்காகப் பழுதான குழாய் சில மாதக் குளிசையில் முழுக்கச் சீராகாது என்று சொன்னார்கள். அதுவும் உண்மையாக இருக்கும். அண்ணி தேத்தண்ணி கொண்டுபோன நேரம், பக்கத்து மேசையில் அன்றைய குளிசை எடுத்து வைத்தபடியே இருந்தது.

எட்டுச் செலவுக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தீர்கள். அன்று குசினிக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் நாள் அது. சனம் அதிகம், சாப்பாட்டை வெளியில் சொல்லி எடுப்போம் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ட கடைச் சாப்பாட்டை அவருக்கு வைக்கேலாது, தம்பி. நீங்கள் சமையுங்கோ" என்றா. நான் காசு மேசைக்காரன். அடுப்பைத் தூரத்திலிருந்து பார்த்தவன். ஆனாலும் சமைத்தேன். பேலியகொடையில் நானே தெரிந்தெடுத்த பாரை மீன், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், சொதி.

படையலுக்கு வைக்கிறதை ருசி பார்க்கக் கூடாது. அது உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். முதல் ருசி அவருக்குரியது. உப்புச் சாடியைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அள்ளினேன், கொஞ்சத்தைத் திருப்பிக் கொட்டினேன், மறுபடி அள்ளினேன். அந்த அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. கடைசியில் கண்மதிப்பில் போட்டேன். இலையில் வைத்தோம், கதவைச் சாத்தினோம், பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். செத்த வீட்டில் கறிக்குக் குறை சொல்கிறவர் இல்லை. மகள், நீ மட்டும் தண்ணீர்ச் செம்பை எடுத்து இரண்டு தரம் குடித்தாய்.

அதனால் சொல்கிறேன். மகன், உன் வேலை இடத்தில் அளந்தபோது எண் கூடியிருந்தது என்று சிரித்துக்கொண்டு சொன்னாயே, அது சிரிக்கிற விசயம் இல்லை. மறுபடி அளந்து பார். குளிசை தந்தால் போடு. நோகவில்லை என்று நிறுத்தாதே, எண் நன்றாக வந்துவிட்டது என்றும் நிறுத்தாதே. எண் நன்றாக வருவதே குளிசையால்தான். ஒத்துவரவில்லை என்றால் தந்தவரிடம் போய்ச் சொல். அவர் கேட்காவிட்டாலும் சொல். தலை சுற்றுகிறது, கால் வீங்குகிறது, இருமல் வருகிறது, ருசி தெரியவில்லை, எதுவானாலும். வெட்கப்படாமல் சொல். மகள், நீயும் ஒருதரம் அளந்து பார். பெரியப்பாவின் இரத்தம்தான் உங்களிலும் ஓடுகிறது.

நீங்கள் திரும்பிப் போன பிறகு நான் கடையைக் கழுவினேன். அந்த அக்காவுக்கு லீவு கொடுத்திருந்தேன், கடையில் வேறு யாரும் இல்லை. மீன் குழம்புக்குப் போடும் கொறுக்காய்ப் புளி வைக்கும் மேல் தட்டில், பின்னால், ஒரு பழைய மாஜரின் டப்பா இருந்தது. திறந்தேன். சின்ன வெள்ளைக் குளிசைகள். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அண்ணி காலையில் கையில் வைத்தவை. சாப்பாட்டுக் கடைக்காரன் எதையும் குப்பையில் போடமாட்டான். மருந்தை எறிய அவருக்கு மனம் வரவில்லைப் போல.

அண்ணிக்குக் காட்டவில்லை. அடுத்த நாள் டப்பாவை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசை. நானும் நின்றேன். என் முறை வந்ததும் டப்பாவை உள்ளே தள்ளினேன். அங்கே இருந்த பெண் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திருப்பி எடுக்க முடியாது, அழிக்கத்தான் வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னா. சரி என்றேன். யாருடையது என்று கேட்டா. அண்ணனுடையது, இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவ டப்பாவைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தா. இவ்வளவும் எப்படி மிஞ்சியது, அவர் குடிக்கவில்லையா என்று கேட்டா.

பின்னால் ஒருவர் என் தோளில் இடித்து நெருக்கினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிவ்வே நே" என்றேன். குடிக்கவில்லை.